மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்கான மாத்திரைகளை வாங்கிப் போகிறவர்கள் பலர், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்துவிட்டு எங்களுக்குப் போன் செய்கிறார்கள். "நூற்றில் எண்பது பேருக்கு இப்படி ஆகுமாமே, நிஜமா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. கேட்காமலேயே மாத்திரையை ஒதுக்கி வைத்துவிடுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் பக்கவிளைவு அட்டவணை. அதில் இரண்டு பத்திகள் இருக்கும். முதல் பத்தியை மட்டும் படித்தால் பயம்தான் மிஞ்சும். பால்போசிக்லிப் என்ற மருந்தை உதாரணமாகப் பார்ப்போம். லெட்ரோசோல் என்ற இன்னொரு மார்பகப் புற்றுநோய் மாத்திரையுடன் அதைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 37 சதவீதம் பேருக்குக் களைப்பு வந்தது என்று போட்டிருக்கும். பக்கத்துப் பத்தியில் 28 என்று இருக்கும். அது லெட்ரோசோலுடன் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைச் சாப்பிட்டவர்களின் கணக்கு. அதாவது புது மருந்து கூட்டியது நூற்றுக்கு ஒன்பது பேர் அளவுக்கு. மீதிக் களைப்பு நோயாலும் லெட்ரோசோலாலும் வந்திருக்கலாம்.

ஆனால் அதே அட்டவணையில் கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோபில் எனும் வெள்ளை அணுக்கள் குறைவது 80 சதவீதம், எதிர்ப்பக்கம் வெறும் 6. இது சந்தேகமே இல்லாமல் மருந்தின் வேலை. போனில் கேட்ட அந்த எண்பது இதுதான். எண் பெரிதாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்த வேண்டாம். மருத்துவர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அணுக்கள் ரொம்பக் குறைந்தால் சில நாள் இடைவெளி விடுவதா, அளவைக் குறைப்பதா என்று அவர் பார்த்துக்கொள்வார். காய்ச்சல் வந்தால் மட்டும், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் எண்: 24.8 மாதம். 666 பெண்கள் கலந்துகொண்ட ஆய்வில் பால்போசிக்லிப் பக்கம் 24.8 மாதம், வெற்று மாத்திரைப் பக்கம் 14.5 மாதம். இதை ஆயுள் கணக்கு என்று நினைத்து உடைந்துபோனவர்கள் உண்டு. இது ஆயுள் அல்ல. நோய் மேலும் வளராமல் கட்டுக்குள் இருந்த காலம். அதுவும் சராசரி இல்லை, இடைநிலை: சுமார் பாதிப் பேருக்கு அதற்குமேலும் நோய் அடங்கியே இருந்தது. உயிர்வாழ்ந்த காலம் பிறகு தனியாக வெளிவந்தது: 53.9 மாதம், எதிர்ப்பக்கம் 51.2. அந்த வித்தியாசம் மருந்தால்தான் என்று சொல்லும் அளவுக்குப் புள்ளிவிவரம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு எண்களையும் சேர்த்துப் படிப்பதுதான் நியாயம் என்பது எங்கள் கருத்து. விளம்பரங்களுக்கு முதல் எண்மேல்தான் பிரியம் அதிகம்.

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் அது வராமல் தடுக்கவும் கொடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரையின் தாளில் வேறொரு சிக்கல். நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 13,388 பெண்களை வைத்து நடந்த தடுப்பு ஆய்வில், மார்பகப் புற்றுநோய் 44 சதவீதம் குறைந்தது என்று இருக்கும். எதில் 44 சதவீதம்? ஆண்டுக்கு ஆயிரம் பெண்களில் ஏறக்குறைய ஆறரை பேருக்கு வந்துகொண்டிருந்தது, மூன்றரையாகக் குறைந்தது. கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் மூன்று மடங்கு கூடியது என்றும் படிப்பீர்கள். அதே கணக்கில் அது ஆயிரத்துக்கு 0.71 என்பதிலிருந்து 2.20 ஆனது. நன்மையைச் சதவீதத்திலும் ஆபத்தை மடங்கிலும் படித்தால் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. இரண்டையும் ஆயிரத்துக்கு எத்தனை பேர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று: கட்டம் கட்டிப் போட்டிருக்கும் அந்த எச்சரிக்கை, நோயைத் தடுப்பதற்காகச் சாப்பிடுபவர்களை மனதில் வைத்து எழுதியது. ஏற்கெனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு ஆபத்தைவிட நன்மை அதிகம் என்று அந்தத் தாளே சொல்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு தெரிந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பெட்டியில் எந்தக் கம்பெனி பெயர் இருந்தாலும், இந்த எண்கள் பெரும்பாலும் மருந்தை முதலில் கொண்டுவந்த கம்பெனியின் ஆய்விலிருந்து வந்தவை. தாளும் நிலையானது இல்லை. பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்துக்கு 2008-ல் மார்பகப் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிந்தைய ஆய்வுகளில் பலன் போதவில்லை என்று 2011-ல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். அதனால் பழைய தாளைப் பத்திரப்படுத்துவதைவிட, திருத்திய தேதியைப் பார்ப்பது மேல்.

சரி, இனி பெட்டி. பால்போசிக்லிப் 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விட வேண்டிய மருந்து. அந்த ஏழு நாள் காலியாக இருப்பதைப் பார்த்து மாத்திரை குறைகிறது என்று நினைக்காதீர்கள். அதிலேயே கேப்சூலைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். மாத்திரை வடிவத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. லாபாடினிப் என்ற இன்னொரு மார்பகப் புற்றுநோய் மாத்திரை இதற்கு நேர்மாறு, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது முன்போ பின்போ. கேபசிடபின் என்ற புற்றுநோய் மாத்திரையோடு அதைச் சேர்த்துக் கொடுக்கும்போது 250 மில்லிகிராமில் ஐந்து மாத்திரை, ஐந்தும் ஒரே வேளையில். பிரித்துச் சாப்பிட்டால் வயிற்றுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

இந்த மருந்துகளின் அட்டையை இனி நாங்கள் வெட்டித் தரமாட்டோம். வெட்டினால் காலாவதி தேதியும் பேட்ச் எண்ணும் ஒரு துண்டில் போய்விடுகின்றன. பால்போசிக்லிப் சாப்பிடாமல் விட வேண்டிய ஏழு நாளின் தேதியைப் பெட்டிமேலேயே பேனாவால் எழுதித் தருவோம். தாளின் எழுத்து பொடியாக இருந்தால் சொல்லுங்கள், பெரிதாக்கி அச்சிட்டுத் தருகிறோம். எந்த எண்ணாவது புரியவில்லை என்றால் அதை வட்டமிட்டு எடுத்து வாருங்கள். அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் எங்கள் கையில் இல்லை, அது உங்கள் மருத்துவர் முடிவு. எண்ணுக்கு அர்த்தம் சொல்ல எங்களால் முடியும்.

இப்படிக்கு,
உங்கள் மருந்தகத்தார்