ஞாயிறு ஐஸ்லாந்து தென்கரைப் பயணம்: பெயர் கொடுங்கள்

வணக்கம் நண்பர்களே,

ஜூன் 14, ஞாயிறு காலை சரியாக 8 மணிக்கு ரெய்க்யவிக் விடுதி வாசலில் வேன் நிற்கும். விக் ஊர் வரை போகவர 370 கிலோமீட்டருக்கு மேல், அதனால் திரும்ப இரவு 8 ஆகிவிடும் (ஜூனில் அங்கே நள்ளிரவு வரை வெளிச்சம்தான், இருட்டிவிடும் என்ற பயம் வேண்டாம்).

1. முதலில் செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ் அருவி. 60 மீட்டர் உயரம், தண்ணீருக்குப் பின்னாலேயே நடந்து சுற்றி வரலாம், ஆனால் முழுக்க நனைவீர்கள். மழைக்கோட்டும் மாற்றுடையும் கட்டாயம், குடை காற்றில் நிற்காது.

2. அடுத்து ஸ்கோகாஃபோஸ் அருவி. பக்கத்தில் 500 படிகளுக்கு மேல், முட்டிவலிக்காரர்கள் கீழேயே நின்று ரசியுங்கள். 2010இல் சாம்பல் கக்கி ஐரோப்பிய விமானங்களை நிறுத்திய எயாஃபியாட்லயோகுட் எரிமலையும் இந்தப் பக்கம்தான், மேகம் விலகினால் தெரியும்.

3. ரேனிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரை. எரிமலைக் குழம்பு ஆறி இறுகி, விரிசல் விட்டு உருவான பசால்ட் தூண்களை அங்கே பார்க்கலாம். அப்புறம், விளையாட்டுக்குச் சொல்லவில்லை: திடீரென ஏறி வரும் அலைகள் அங்கே ஆட்களை இழுத்துப் போயிருக்கின்றன. கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள், சிவப்பு விளக்கு எரிந்தால் மணலில் இறங்கவே கூடாது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

4. பிடிமானமுள்ள ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வாருங்கள், வழியில் கடைகள் குறைவு, விலையும் அதிகம்.

வருபவர்கள் எத்தனை பேர் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது!