நீக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

மதிப்பிற்குரிய தொலைக்காட்சி நிர்வாகிகளுக்கும் தொடர்த் தயாரிப்பாளர்களுக்கும்,

வணக்கம். நெடுந்தொடர்களுக்கு வசனம் எழுதிப் பிழைப்பவன் நான். நீங்கள் தொடரிலிருந்து நீக்கிய ஒரு நடிகைக்காக எழுதுகிறேன். எந்தத் தொடர், எந்த நடிகை என்று இங்கே சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

அந்த நடிகை ஓராண்டு ஒப்பந்தத்தில் ஒரு சோப்பு விளம்பரத்தில் நடித்தார். கெடு முடிந்தும் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததால், நிறுத்தச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். இதற்கிடையில் போட்டி சோப்பு நிறுவனம் உங்கள் தொடருக்கு விளம்பரதாரராக வந்து, ‘எங்கள் நேரத்தில் அவர்களுடைய முகமா?’ என்று முறைத்தது. பழைய நிறுவனமும் உங்களிடம் விளம்பர நேரம் வாங்குவதுதான். நோட்டீஸால் அதற்கும் கோபம். இருவரையும் பகைத்துக்கொள்ள உங்களால் முடியாது. நடிகையைப் பகைத்துக்கொள்ளச் செலவே இல்லை. அவரை நீக்கிவிட்டீர்கள்.

மறுநாள் விடியற்காலை படப்பிடிப்புக்கு அழைத்துப்போக வேண்டிய கார் வரவில்லை. தலைக்குக் குளித்து, பையோடு வாசலில் நின்றவர் தயாரிப்பு மேலாளரை அழைத்தார், எடுக்கவில்லை. கடைசியில் ஓட்டுநர்தான், ‘வேறொருவரை ஏற்றிவரச் சொல்லிவிட்டார்கள், அம்மா’ என்று தயங்கித் தயங்கிச் சொன்னாராம். எனக்கு வந்த உத்தரவு இன்னும் சுருக்கம்: வசனம் அதேதான், ஆள் மட்டும் மாற்றம். பிறகு திரையில், ‘இவருக்குப் பதில் இவர்’.

நாள் சம்பளக்காரருக்குப் படப்பிடிப்பு இல்லையென்றால் வருமானம் இல்லை. அதோடு, ‘விளம்பரக்காரர்களிடம் தகராறு செய்பவர்’ என்ற பேச்சு அவருக்கு முன்பே அடுத்த தயாரிப்பு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

நான் கேட்பது இதுதான்: நீக்குவதானால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள், அவர் தரப்பைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றி ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்; மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு வரை விளம்பரங்களில் தோன்றத் தடையும் விதிக்கலாம். அந்தச் சட்டம்கூட, உத்தரவு போடும் முன் அவர் தரப்பைக் கேட்கச் சொல்கிறது. பொய் விளம்பரத்துக்கே விசாரணை உண்டு. தன் ஒப்பந்தத்தைக் காக்க நோட்டீஸ் விட்டவருக்கு இல்லை!

இனி மருமகள் யார், மாமியார் யார், யார் யாருக்கு விஷம் வைப்பது என்பதையெல்லாம் சோப்புக்காரரே முடிவு செய்துகொள்ளட்டும். வசனகர்த்தா சம்பளமும் மிச்சமாகும்.

மன்னிக்கவும், கோபம் எல்லை மீறுகிறது. பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: எழுத்தில் காரணம், அவர் தரப்பு விளக்கத்துக்கு ஒரு வாய்ப்பு, ஏற்கெனவே கால்ஷீட் வாங்கிவைத்த நாட்களுக்கான சம்பளம். அவர் இன்னும் உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் தொடர்களின் வசனகர்த்தா ஒருவன்