சேபரைக் கழற்றிக் கொடுத்த அண்ணனுக்கு

ஸ்டார் டிரெக், ஸ்டார் வார்ஸ் என்று இரண்டு விண்வெளிக் கதைகளின் ரசிகர்களாகப் பிரிந்து நிற்கும் இரண்டு பக்கத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

கண்காட்சி முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. கண்ணெல்லாம் எரிகிறது. ஆறப்போட்டால் எழுதவே மாட்டேன் என்பதால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பக்கமும் சண்டை போட்டு, என் மாடல் இருந்த மேசை சாய்ந்த கூத்து உங்கள் எல்லோருக்கும் தெரியும். யார் முதலில் கத்தினார்கள், யார் கை பட்டு மேசை சாய்ந்தது என்ற பஞ்சாயத்து தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஓடட்டும். அன்றைக்கு என் வாயும் சும்மா இருக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இரவு 11.30 மணிக்கு மேல் நடந்ததை.

எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். நான் தரையில் துணி விரித்து, ஸ்டார் டிரெக் கப்பலான எண்டர்பிரைஸின் என் மாடலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். 1/350 அளவு, 80 சென்டிமீட்டருக்கு மேல் நீளம், பதினான்கு மாத வேலை. கப்பலின் வட்டத் தட்டு பிழைத்துவிட்டது. வலது நசெல், அதாவது பக்கவாட்டு இயந்திரக் குழல், மட்டும் தனியாகக் கிடந்தது, முன்பக்கக் குமிழுக்குள் சுழலும் விளக்கு நொறுங்கி, உள்ளே வயர் அறுந்து. பின்னாலிருந்து ஒரு குரல்: "வலதுபக்கம்தான் போச்சா?"

திரும்பினால் ஸ்டார் வார்ஸ் பக்கத்து அண்ணன். பெயர் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், போடவில்லை. மூன்று வருஷமாக நாங்கள் இருவரும் சண்டை தவிர வேறு பேசியதில்லை. அவர் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கையில் சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் இருந்தன. கேட்காமலே பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மாற்று எல்.இ.டி. என்னிடம் இல்லை. அந்த நேரத்தில் கடைக்கு எங்கே போவது? கொஞ்ச நேரம் நசெலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், இடுப்பிலிருந்த லைட்சேபரை, அதாவது அவர்கள் படத்து ஒளிவாளை எடுத்து, அடிப்பகுதியைத் திருகிக் கழற்றிவிட்டார். மறுநாள் மேடைச் சண்டையில் அவர் வீச வேண்டிய சேபர் அது, அவரே கடைந்து செய்தது. ஒரு 18650 பேட்டரி வந்தது, பிறகு சூடு தணிக்கும் ஹீட் சிங்கோடு சிவப்பு எல்.இ.டி. "அண்ணே, வேண்டாம்" என்றேன். "பிடிங்க" என்றார், அவ்வளவுதான்.

பேட்டரி 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். நசெல் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது, அளவெடுத்துச் செய்ததுபோல. "இதை முழுசா எரியவிட்டா உங்க பிளாஸ்டிக் இளகிடும்" என்று சொல்லிவிட்டு, பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று கோடு எண்ணி மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரைத் தேடி எடுத்து வைத்தார். நான் டார்ச் பிடித்தேன். என் கை நடுங்கியது, அவர் கை நடுங்கவில்லை.

பேச்சு எப்படித் தொடங்கியது என்று நினைவில்லை. அவர்தான் முதலில் தன் பக்கத்துக் குறையைச் சொன்னார். "எங்க படத்துல கப்பல் வேகத்தைப் பீத்திக்கிற அந்த பார்செக் வசனம் இருக்கே, எனக்கே கூச்சமா இருக்கும். 3.26 ஒளியாண்டு தூரம் அது. அதை நேரம் மாதிரி பேசிட்டு, அப்புறம் எத்தனை சப்பைக்கட்டு!" மூன்று வருஷமாக நான் வைத்திருந்த ஒரே பிரம்மாஸ்திரம். அதை அவரே எடுத்துப் போட்டுவிட்டார். எனக்கும் ரோஷம் வந்து, எங்கள் டிரான்ஸ்போர்ட்டரே காசு மிச்சம் பிடிக்க வந்ததுதான் என்று ஒப்புக்கொண்டேன். வாராவாரம் கப்பலைக் கிரகத்தில் இறக்கிக் காட்டப் பணம் கட்டுப்படியாகவில்லை, அதனால்தான் ஆட்களைக் கரைத்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு போட்டி தலைகீழானது. 1966இல் எங்கள் தொடரின் டாக்டர் மெக்காய் கையில் பிடித்திருந்த மருத்துவக் கருவி உண்மையில் உப்புக் குப்பி என்றேன். 1977இல் தங்கள் பட நாயகன் லூக் பிடித்த சேபரின் கைப்பிடி பழைய கிராஃப்லெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் பிடி என்றார் அவர். டாங்கி பொம்மைக் கிட்களின் உதிரிகளை ஒட்டித்தான் தங்கள் கப்பல்களுக்கு அந்த முரட்டுத் தோல் வந்தது என்று அவர் சொன்னபோது சிரித்துவிட்டேன். உப்புக் குப்பியையும் கேமராப் பிடியையும் வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் அடித்துக்கொண்டோம்?

ஒன்றை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டேன். 1977இல் அவர்கள் படம் அப்படி ஓடாமல் இருந்திருந்தால் 1979இல் எங்கள் முதல் படம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். 1982இல் எங்கள் இரண்டாம் படத்தின் கப்பல்களைப் படமெடுத்ததும் ஸ்டார் வார்ஸ் இயக்குநர் லூகாஸ் ஆரம்பித்த ஐ.எல்.எம். என்ற சிறப்புக்காட்சி நிறுவனத்து ஆட்கள்தான். "உங்க கப்பலை எங்க ஆளுங்க தொடுறது இது முதல் தடவையா?" என்றார் அண்ணன், அயர்னைத் துடைத்துக்கொண்டே.

2 மணிக்கு விளக்கு எரிந்தது. இடது நசெல் ஆரஞ்சு நிறத்தில் சுழல்கிறது, வலது நசெல் சுழலாமல் சிவப்பாக நிற்கிறது. பிறகு எங்கள் ஆட்கள் நான்கு பேர் "இது கேனன் இல்லையே, மூலக் கதையில் இப்படி இல்லையே" என்று வந்து நின்றார்கள். இல்லைதான். மாற்றப்போவதில்லை.

மறுநாள் மேடையில் எல்லோர் சேபரும் ஜொலிக்க, அண்ணன் மட்டும் எரியாத குழலை வைத்துக்கொண்டு சுழன்றார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவர் கிண்டல் செய்தது என் காதில் விழுந்தது. தெரிந்துகொள்ளுங்கள், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மற்றவர்களுக்கும் நன்றி: ராத்திரியே மண்டபக்காரரிடம் பேசி சமாதானம் செய்த இரு தரப்புப் பெரியவர்கள், மேசைக்குக் கட்டை வைத்து முட்டுக் கொடுத்தவர்கள், கொதிக்கும் பதிவுகளைத் தாங்களே அழித்தவர்கள், எங்கள் பக்கத்துக் கிளிங்கான் வேஷத்தில் ஒருவரும் அவர்கள் பக்கத்து ஸ்டார்ம்ட்ரூப்பர் வேஷத்தில் ஒருவருமாக நாள் முழுக்க வாசலில் சீட்டுக் கிழித்த இரண்டு பிள்ளைகள். விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பார்செக் கேலியை இனி நான் எடுப்பதில்லை. வேறு கேலிகள் இருக்கின்றன.

அண்ணே, புது எல்.இ.டி.யும் பேட்டரியும் வாங்கிவிட்டேன், அதே சிவப்பு. நேற்றிலிருந்து கூப்பிடுகிறேன். போனை எடுங்க.