மவன் கூட உக்காந்து ஒரு ஆல்பம் முழுசா கேளுங்க தங்கச்சி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தக்கலைக்குப் பக்கத்துல இருக்கேன், உங்க பத்திரிகைய முப்பது வருசமா வாங்குதேன், ஆனா கடிதம் எழுதுதது இதான் மொத தடவ. போன வாரம் வாசகர் பக்கத்துல மார்த்தாண்டத்துலேருந்து ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க, பிளஸ் டூ படிக்கிற மவன் ரூம சாத்திக்கிட்டு எப்பவும் ராக் பாட்டு கேக்கான், ஒரே அலறலா இருக்கு, பையன் கெட்டுப் போயிருவானோன்னு பயமா இருக்குன்னு. அதப் படிச்சதுலேருந்து எனக்கு மனசு கேக்கல. 1984ல எங்க அம்மையும் இதே வார்த்தைய சொல்லித்தான் அழுதா. அதனால அந்தத் தங்கச்சிக்கு பதிலாவும், எனக்க வீட்டுல இருக்குத கேசட்டு சி.டி.ல எத மொதல்ல கேக்கணும்னு ஒரு யோசனையாவும் இத எழுதுதேன், கொஞ்சம் நீளமாப் போனாலும் வெட்டாம போடுங்க.

எனக்க அண்ணன் அப்பம் துபாய்ல வெல்டர். லீவுக்கு வரும்போ டேங், கோடாலித் தைலம், பாலியெஸ்டர் துணி இதுக்கெடையில ஒரு நேஷனல் பேனசோனிக் டூ இன் ஒன்னும் பதினொண்ணு கேசட்டும் கொண்டு வந்தான். அந்தப் பதினொண்ணு இப்பம் முந்நூத்திச் சொச்சம், சி.டி. ஒரு தொண்ணூறு, எல்.பி. ரெக்கார்டு கொஞ்சம். நம்ம மாவட்டத்துல இதக் காப்பாத்துதது லேசுப்பட்ட காரியம் இல்ல. ஜூன்ல எடவப்பாதி மழை தொடங்கினா செவரே வேர்க்கும், அது முடிஞ்சு ஒரு மூச்சு விடுததுக்குள்ள ஐப்பசி மழை வந்துரும். டேப்புக்க ஓரத்துல வெள்ளையா நூல் மாதிரி பூசணம் ஏறும், அத அப்படியே ஓட்டினா டேப்பத் தொட்டு பாட்ட எடுக்குத ஹெட்டுல ஒட்டி பாட்டு தண்ணிக்கு உள்ளேருந்து வர்ற மாதிரி மங்கும், பொறவு அதே ஹெட்டுல போடுத அடுத்த கேசட்டுக்கும் அந்த பூசணம் தொத்திக்கும். அதனால ஆடி மாசம் வெயில் அடிக்குத ஒரு நாள் பாத்து அஞ்சு ஸ்குரூவையும் கழட்டி, மெல்லிசான பழைய வேட்டித்துணிய டேப்புக்க ரெண்டு பக்கமும் லேசா புடிச்சுக்கிட்டு, நடராஜ் பென்சில சக்கரத்துல சொருகி கையாலயே அந்தக் கடைசி வரைக்கும் சுத்துவேன், ஒரு கேசட்டுக்கு முக்கா மணி நேரம் ஆகும். அலமாரிக்குள்ள ஒரு சின்ன பல்பு ராத்திரி பகலா எரியுது, ஈரம் ஏறாம இருக்க. இவ்வளவு பாடுபட்டு ஒருத்தன் காப்பாத்துதான்னா அதுல அலறல் மட்டும் இருக்காதுன்னு அந்தத் தங்கச்சி நம்பணும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது என்னன்னா, ராக்க ஒரு பாட்டா பிச்சு பிச்சு கேக்கப்படாது, ஆல்பமா கேக்கணும், மொதப் பாட்டுலேருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் அவங்க வச்ச வரிசையில. இது எனக்கு எப்படி தெரிய வந்துதுன்னா, அப்பமெல்லாம் பாட்டு பதிஞ்சு குடுக்குத ரெக்கார்டிங் கடைங்க ஊருக்கு ஊரு உண்டு, அப்படி ஒரு கடையில பிங்க் ஃபிளாய்டுன்னு ஒரு இங்கிலாந்து பேண்டோட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்த அறுபது நிமிசக் கேசட்டுல பதிஞ்சு வாங்கினேன், ஆல்பம் மொத்தமே நாப்பத்தி மூணு நிமிசம் தான், கடைக்காரர் எடம் வீணாப் போகுதேன்னு நெனச்சு ரெண்டாம் பக்கத்துப் பாட்ட தூக்கி மொத பக்கத்துல வச்சு, கடைசிப் பாட்ட பாதியில நிப்பாட்டி, மிச்ச எடத்துல யாருக்க டிஸ்கோ பாட்டோ ரெண்டு போட்டுத் தந்துட்டார். எட்டு வருசம் அதத்தான் கேட்டேன், நல்ல பாட்டுங்கன்னு மட்டும் தோணும், ஏன் உலகமே அதக் கொண்டாடுதுன்னு பிடிபடல. பொறவு அண்ணன் ஒரிஜினல் சி.டி. கொண்டு வந்தான். ராத்திரி விளக்க அணைச்சிட்டு போட்டேன். ஒரு நெஞ்சுத் துடிப்புல தொடங்குது, ஒரு பாட்டு முடியுத எடத்துலேயே அடுத்தது மொளைக்குது, நேரம், சாவு, காசு, சண்டை, புத்தி பேதலிக்குதது, எல்லாத்தையும் சுத்தி வந்துட்டு கடைசில அதே நெஞ்சுத் துடிப்புல போய் நிக்குது, அந்தத் துடிப்பத்தான் கடைக்காரர் வெட்டியிருக்காரு. அண்ணைக்கு நான் தூங்கல.

அந்த ஆல்பம் 1973 மார்ச்சுல வந்தது, லண்டன்ல அபே ரோடு ஸ்டூடியோல பதிஞ்சது. 1988 வரைக்கும் மொத்தம் 741 வாரம் அமெரிக்காவுல நல்லா விக்குத ஆல்பங்கள வரிசைப்படுத்துத பில்போர்டு பட்டியல்ல இருந்துது, ஆனா ஒண்ணாம் எடத்துல இருந்தது ஒரே ஒரு வாரம் தான். மெதுவா மெதுவா ஒவ்வொரு வீடா போய்ச் சேந்த ஆல்பம். அதுல சாவப் பத்தி ஒரு பாட்டு இருக்கு, 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'ன்னு பேரு, கிளேர் டோரின்னு ஒரு பொண்ணு பாடியிருக்காங்க, பாடியிருக்காங்கன்னா அவங்க குரல்ல ஒரு வார்த்தை கிடையாது, வெறும் குரல் மட்டும் ஏறும், ஒடையும், கெஞ்சும், பொறவு தணிஞ்சு அடங்கும். அதுக்கு அவங்களுக்கு கெடச்சது முப்பது பவுண்டு, பிற்பாடு கேசு போட்டு 2005ல தான் பாட்ட உண்டாக்குனதுல அவங்களுக்கும் பங்கு உண்டுன்னு பேரு வந்துது. எங்க அம்ம செத்த அண்ணைக்கு மருந்துக்கோட்டைப் பக்கத்துலேருந்து வந்த பெரியம்ம ஒருத்தி ஒப்பாரி வச்சா, ஒரு கட்டத்துல வார்த்தை எல்லாம் தீந்து போய் வெறும் குரல் மட்டும் வந்துது பாருங்க, முத்தத்துல நின்ன எனக்கு அந்த இங்கிலாந்துக்காரியோட குரல் தான் ஞாபகம் வந்துது, ரெண்டும் ஒண்ணுதான். தங்கச்சி, நீங்க அலறல்னு சொல்லுததுல இப்படிப்பட்ட அழுகையும் இருக்கும்.

ஆனா உங்களுக்கு மொத ஆல்பம் இது வேண்டாம். நீங்க 'கந்தீசா'ல தொடங்குங்க. டெல்லியில உள்ள இந்தியன் ஓஷன் பேண்டு 2000ல போட்டது. அதுல கடைசில வர்ற பேருப்பாட்டு, அதாவது ஆல்பத்துக்க பேரே உள்ள பாட்டு, சுறியானி பாஷையில உள்ள பழைய ஜெபம், பரிசுத்த தேவனேன்னு அர்த்தம். நம்ம திருவிதாங்கோடு அரப்பள்ளி, தோமையார் கட்டினதா சொல்லுதாங்களே, அது எங்க வீட்டுலேருந்து நடக்குத தூரம் தான், உங்க மார்த்தாண்டத்துலயும் சுறியானி முறையில ஆராதிக்குத மலங்கரை சபைக்காரங்க ஏராளம். ஒரு நாள் சாயங்காலம் இந்தப் பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போ பக்கத்து வீட்டுப் பெரியவர், மலங்கரைக்காரரு, பால் பாத்திரத்தோட ரோட்டுல போனவரு அப்படியே கேட்டுல நின்னுட்டாரு, பாத்திரத்த கீழ வச்சு, சிலுவை போட்டு, பாட்டு முடியுத வரைக்கும் தலைய குனிஞ்சு நின்னாரு. பேஸ் கிட்டார், டிரம்ஸ், தபலா, எல்லாம் உண்டு அதுல, ஒண்ணும் அவருக்கு எடைஞ்சலா தெரியல. தபலா அடிச்சுக்கிட்டே பாடுன அசீம் சக்ரவர்த்தி 2009ல செத்துப் போனாரு, அந்தக் குரலுக்கு ஈடா இன்னொரு குரல நான் கேக்கல. அதே ஆல்பத்துல 'மா ரேவா'ன்னு நர்மதை ஆத்தப் பத்தின பாட்டும் ரொம்பக் கொள்ளாம்.

அடுத்தது அவியல். திருவனந்தபுரத்துப் பசங்க, எங்க ஊருலேருந்து பஸ்ஸு ஏறினா ரெண்டு மணி நேரம், பேண்டு பேரும் அவியல், 2008ல வந்த ஆல்பத்துக்கும் அதே பேரு. நம்ம ஆளுகளுக்கு மலையாளம் புரியும், அதனால பாஷை ஒரு தடையில்ல. அதுல 'ஆடு பாம்பே'ன்னு ஒரு பாட்டு, வரிகள் நாராயண குருவோட குண்டலினிப் பாட்டு. அந்தக் குரு நம்ம மருந்துவாழ் மலை குகையில தவம் இருந்தவரு, நாகர்கோவில்லேருந்து கன்னியாகுமரி போகும்போ பஸ்ஸுலேருந்தே அந்த மலை தெரியும். எத்தனையோ தடவ அந்த வழியா போயிருக்கேன், இந்தப் பாட்டக் கேட்ட பொறவு அந்த மலையப் பாத்தா அடியிலேருந்து டிரம்ஸ் எழும்புத மாதிரி இருக்கு எனக்கு.

இனி பையன் கேக்குதது. நீங்க எழுதுனதப் பாத்தா அது மெட்டாலிகாங்கிற அமெரிக்க பேண்டா தான் இருக்கணும்னு படுது. 1986ல வந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', எட்டு பாட்டு. கேட்டதும் பயமா இருக்கும், ஒத்துக்கிடுதேன், எனக்கே மொத ரெண்டு தடவ தலை வலிச்சுது. ஆனா பேருப்பாட்டு எதப் பத்தின்னு மவன்கிட்ட கேளுங்க. போதைப்பொருளே மனுசன்கிட்ட பேசுத மாதிரி எழுதியிருக்காங்க, நான் தான் உனக்கு எசமான், நான் இழுத்த இழுப்புக்கு நீ ஆடணும்னு. பப்பெட்னா பாவை தான், பாவைக்கூத்து நடந்த ஊரு நம்மது, பாவைக்குப் பின்னால ஒரு கை இருக்கும்னு நமக்கு சொல்லித் தரவேண்டாம். எட்டு நிமிசத்துக்கு மேல ஓடுத பாட்டு, நடுவுல வேகம் எல்லாம் கொறஞ்சு ரெண்டு கிட்டார் ஒண்ணுக்கொண்ணு ஆறுதல் சொல்லுத மாதிரி ஒரு எடம் வரும், அப்பம் அந்த ஆளு தப்பிச்சிருவான்னு தோணும், பொறவு மறுபடியும் அந்தப் பிடி இறுகும். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கஞ்சா வந்துட்டேன்னு நாம பயந்து சாகுத காலத்துல, எந்த அறிவுரைக் கூட்டத்துலயும் இவ்வளவு வெளங்க யாரும் சொன்னதா எனக்குத் தெரியல. அந்த ஆல்பத்துல 'ஒரையன்'னு வார்த்தையே இல்லாத ஒரு இசையும் உண்டு, அதுல பேஸ் கிட்டார் வாசிச்ச கிளிஃப் பர்ட்டன் அதே வருசம் செப்டம்பர்ல ஸ்வீடன்ல பஸ்ஸு கவிழ்ந்து செத்துப் போனான், வயசு 24. கச்சேரி முடிஞ்சு அடுத்த ஊருக்குப் போகுத வழி. ஒரு தாயா நீங்க இத தெரிஞ்சுக்கிட்டு கேட்டா அந்த சத்தம் வேற மாதிரி கேக்கும்.

சாத்தான் பாட்டுன்னு ஒரு பேச்சு உண்டு, அதையும் சொல்லிருதேன். எங்க காலத்துல ஒரு வாலிபர் கூட்டத்துல வெளியூர்லேருந்து வந்த ஒருத்தர், லெட் செப்பலின்னு ஒரு இங்கிலாந்து பேண்டோட பாட்ட பின்னோக்கி ஓட்டினா சாத்தான துதிக்குத வரி வரும்னு சொன்னாரு. நானும் அண்ணனும் அண்ணைக்கு ராத்திரியே கேசட்ட பிரிச்சு டேப்ப திருப்பிப் போட்டு ஓட்டிப் பாத்தோம். கொழகொழன்னு ஒரு சத்தம், வேற ஒண்ணும் இல்ல. நேரா ஓட்டினா 1971ல அந்த பேண்டுல நாலு பேரு சேந்து உண்டாக்குன அருமையான நாலாவது ஆல்பம், அதுல கடைசிப் பாட்டுக்கு டிரம்ஸ ஒரு பழைய பங்களாவோட மாடிப்படி ஹால்ல வச்சு அடிச்சு, மேல் மாடியிலேருந்து மைக்க தொங்க விட்டு பதிஞ்சிருக்காங்க, ஹெட்ஃபோன்ல கேட்டா அந்த ஹாலோட ஒசரம் கூட தெரியும்.

உங்க மவன் சர்ச்சுல கீபோர்டு வாசிக்கான்னு எழுதியிருந்தீங்க, அப்படின்னா அவன்கிட்ட டீப் பர்ப்பிள் பேண்டோட 'மெஷின் ஹெட்' ஆல்பம் உண்டான்னு கேளுங்க, 1972. ஜான் லார்டுன்னு ஒருத்தர் அதுல ஹேமண்ட் ஆர்கன கிட்டார் ஆம்ப்ளிஃபையர்ல குடுத்து வாசிச்சிருக்காரு, 'லேசி'ங்கிற பாட்டு ஆர்கன்ல தான் தொடங்கும், கோயில்ல கேக்குத அதே வாத்தியம் கொந்தளிச்சா எப்படி இருக்கும்னு அதுல தெரியும். அந்த ஆல்பம் பதிய சுவிட்சர்லாந்துல மோன்ட்ரோ ஊருக்குப் போன எடத்துல, வேற ஒருத்தர் கச்சேரியில யாரோ தீக்குச்சி வாணம் மாதிரி ஒண்ண சுட்டுவிட்டு, அவங்க பதிய வேண்டிய கட்டடமே எரிஞ்சு போச்சு. ஏரிக்கு மேல பொகை பரவுனத பாத்துத் தான் உலகம் முழுக்க கிட்டார் படிக்குத பிள்ளைங்க மொதல்ல வாசிச்சுப் பழகுத 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டே பொறந்துது. பொறவு குளிர்காலத்துக்கு பூட்டிக் கெடந்த ஒரு ஓட்டல் வராந்தாவுல மெத்தைய சுத்தி அடுக்கி வச்சு ஆல்பத்த முடிச்சாங்க.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸோட 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' 1985, இது பட்டாளத்துலேருந்து வந்த எங்க மச்சானுக்கு, அவரு பேருப்பாட்டு மட்டும் தான் கேப்பாரு, கேட்டுட்டு ஒண்ணும் பேசாம எழும்பிப் போயிருவாரு. பீட்டில்ஸோட 'அபே ரோடு' 1969, அதுல ரெண்டாம் பக்கம் முழுக்க, மூணு நாள் விடாம பெஞ்ச மழை நின்ன மறுநா காலையில.

தங்கச்சி, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் அவன் ரூம்ல போய் உக்காருங்க. செல்போன கையில எடுக்காதீங்க, அவனையும் பாட்ட மாத்த விடாதீங்க. 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' கேசட்டு என்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ண இந்தக் கடிதத்தோடயே வச்சு அனுப்புதேன், ஆசிரியர் அத அவங்க அட்ரசுக்கு சேத்து வைக்கணும்னு தாழ்மையா கேட்டுக்கிடுதேன், அவங்க வீட்டுல பழைய டேப் ரெக்கார்டர் பரண்ல எங்கயாவது கெடக்கும். ஓட்டுததுக்கு முன்னாடி பென்சில சொருகி அந்தக் கடைசி வரைக்கும் ஒரு தடவ, திருப்பி இந்தக் கடைசி வரைக்கும் ஒரு தடவ சுத்திருங்க, இந்த மழைக்கு டேப்பு ஒட்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.