எட்சா என்பது ஒரு மனிதரின் பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கப்பல் வேலையாக மணிலா போனால் எர்மிட்டாவில்தான் தங்குவேன். அங்கே மபினி தெருவும் டெல் பிலார் தெருவும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. பல வருஷம் அவை எனக்கு வெறும் விலாசம்தான். போன முறைதான் விசாரித்தேன். அப்பொலினாரியோ மபினி, இரண்டு கால்களும் செயலிழந்த நிலையில் 1899இல் பிலிப்பைன்ஸின் முதல் பிரதமரானவர். மார்செலோ டெல் பிலார், தன் நாட்டு மக்களின் உரிமைக்காக, அன்று அதை ஆண்ட ஸ்பெயினிலேயே பத்திரிகை நடத்தி, 1896இல் காசநோயால் பார்சிலோனாவிலேயே இறந்தவர்.

எல்லோரும் 'எட்சா' என்று சுருக்கிச் சொல்கிற பெரிய சாலை, வரலாற்றாசிரியர் எபிபானியோ டி லோஸ் சாண்டோஸின் பெயரைக் கொண்டது. 1959 வரை அது நெடுஞ்சாலை 54. நான் ஏறிய டாக்ஸியின் ஓட்டுநருக்கே அவர் யாரென்று தெரியவில்லை. மனசு கனத்துவிட்டது.

சாண்டியாகோ கோட்டையிலிருந்து பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசால் 1896 டிசம்பர் 30 அன்று கொலைக்களத்துக்கு நடந்த வழியில் வெண்கலக் காலடிகளைப் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பக்கத்தில் என் காலை வைத்துப் பார்த்தேன். அப்புறம் வெகுநேரம் பேச்சே வரவில்லை. தெருப் பலகைகளிலும் பெயருக்குக் கீழே, அவர் யார் என்று இரண்டே வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி.