270 வெள்ளிக்குப் பெயர் கிடைத்தது

அன்புள்ள எல்லோருக்கும்,

செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று காலை யாரும் பிடிக்காமல் எழுந்து, சன்னலோரமாக உட்கார்ந்து பேப்பர் படித்தார். அதைப் பார்த்துக்கொண்டே இதை எழுத ஆரம்பித்தேன்.

அந்த 47 நாட்களைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? சிங்கப்பூர் ஊட்ரம் பார்க் ரத்த வங்கிக்குப் போய் வரிசையில் நின்றவர்கள் நீங்கள். ஈசூனில் எங்கள் புளோக்கில் ஒருநாள் விடாமல் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா), மகனைத் தன் பேரனோடு சேர்த்துப் பள்ளிக்குக் கூட்டிப்போன மூன்றாம் மாடி அங்கிள், கோயிலில் அர்ச்சனை செய்து விபூதியை வார்டு வரை கொண்டுவந்த தோழிகள், இரவு ஷிப்ட் தாதியர், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்ல வேண்டாம் என்றவர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். ஒவ்வொருவராக நேரில் வந்தும் சொல்வேன்.

இன்று ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுத விடுங்கள்.

என்னோடு உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு ‘அக்கவுண்ட்ஸ் டீச்சர்’ என்றாலே போதும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1993ல் ஸெக் 3 (உயர்நிலை மூன்று) போனபோது பிரின்சிபல்ஸ் ஆஃப் அக்கவுண்ட்ஸ் என்ற கணக்கியல் பாடத்தைத் தேர்ந்தெடுத்துப் படித்தேன். முதல் நாள் டீச்சர் பலகையில் 1494 என்று எழுதினார். வெனிஸ் வணிகர்கள் பற்றும் வரவுமாகக் கணக்கெழுதிய முறையை லூக்கா பச்சியோலி என்ற துறவி அச்சுப் புத்தகத்தில் விளக்கிய ஆண்டு அது. “500 வருஷமாக இது மாறவில்லை. உங்களுக்காகவும் மாறாது” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

பேலன்ஸ் ஷீட் தலைப்பில் ‘இந்தத் தேதியில்’ என்று இருக்க வேண்டும். லாப நட்டக் கணக்கில் ‘இந்தத் தேதியோடு முடிந்த ஆண்டுக்கு’ என்று இருக்க வேண்டும். மாற்றி எழுதினால் பக்கம் முழுக்கக் குறுக்கே சிவப்புக் கோடு விழும். லிக்விட் பேப்பர் கூடவே கூடாது. தப்பான எண்ணை ரூலர் வைத்து ஒரே கோடாக அடித்து, மேலே சரியான எண்ணை எழுத வேண்டும். செய்த தப்பு பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பார். எனக்கோ டெபிட்டும் கிரெடிட்டுமே பிடிபடவில்லை. பேங்க் புத்தகத்தில் பணம் போட்டால் கிரெடிட் என்று வருகிறது, டீச்சர் ஏன் டெபிட் என்கிறார் என்று ஓராண்டு முழுக்கக் குழம்பினேன். பேங்க் தன் கணக்கை எழுதுகிறது, நாம் நம் கணக்கை எழுதுகிறோம் என்ற எளிய விஷயத்தைக் கேட்கப் பயந்து கேட்காமலே இருந்தேன். புதன்கிழமை இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல் வரும். செவ்வாய் இரவே வயிறு வலிக்கும்.

ஸெக் 4ல் ஒரு டெஸ்ட். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் சமமாக வர வேண்டிய டிரையல் பேலன்ஸ் 180 வெள்ளி (டாலர்) இடித்தது. நேரம் முடியப்போகிறது. ‘சில்லறைச் செலவு 180’ என்று நானாக ஒரு வரி எழுதிச் சரிக்கட்டிவிட்டேன். மறுநாள் டீச்சர் அந்த 180ஐ வட்டமிட்டு, “வேர் டிட் திஸ் கம் ஃப்ரம்?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அந்த பீரியட் முழுக்க எழுந்து நின்றேன். ஓ நிலைத் தேர்வில் சி6 வாங்கி அந்தப் பாடத்தை விட்டு ஓடினேன். அவர் மேல் இருந்த கோபம் மட்டும் 30 ஆண்டுகளுக்கு மேல் போகவில்லை.

அவரைத்தான் மருத்துவமனையில் 31ஆம் நாள் மதியம் லிப்ட் வாசலில் பார்த்தேன். அதே மாடியில் இருந்த தன் அக்காவைப் பார்க்க வந்திருந்தார். முடி முழுக்க வெள்ளை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் என்னையறியாமல் எழுந்து நின்றேன். என் மடியிலிருந்து கணக்கு நோட்டு கீழே விழுந்தது. யார் எவ்வளவு கொடுத்தார்கள், எதற்குச் செலவானது என்று நான் எழுதிவந்த நோட்டு அது.

“நோட்ட இங்க குடு” என்றார்.

இரண்டு ஆண்டு வகுப்பில் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் வந்து நான் கேட்டதில்லை.

கீழே உணவங்காடிக்குக் கூட்டிப்போய் இரண்டு தே (தேநீர்) வாங்கிவந்தார். கைப்பையிலிருந்து பென்சிலும் சின்ன ரூலரும் எடுத்தார். முதலில் மருத்துவமனை பில். அரசாங்க மானியக் கழிவு எவ்வளவு, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி எதைக் கொடுக்கும், மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலிருந்து எது போகும், கையிலிருந்து கட்ட வேண்டியது எது என்று பிரித்துக் காட்டினார். மருத்துவச் சமூக ஊழியரிடம் கேட்க நான்கு கேள்விகளை என்னையே எழுதவைத்தார். பெரிய பூதமாக இருந்த பில் 20 நிமிடத்தில் நான்கு வரியானது.

அப்புறம் நீங்கள் கொடுத்த பணத்தின் பக்கத்துக்கு வந்தார். ஒரு வரியில் பென்சில் நின்றது. ‘பெயர் தெரியாதவர் - 270.’

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. “மூணு ராத்திரி எண்ணிப் பாத்தேன் டீச்சர். செலவு போக டப்பாவுல 270 வெள்ளி கூடுதலா இருந்துச்சு. யார் குடுத்ததுன்னு தெரியல. அதான் அப்படி எழுதிட்டேன்.”

அவர் திட்டவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஒம்பதால வகுத்துப் பாரு.”

30. மீதி இல்லை. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று ஸெக் 3ல் அவர் சொன்னது அந்த நிமிடம் நினைவுக்கு வந்தது. பையில் இருந்த கவர்களை எல்லாம் மேசையில் கொட்டச் சொன்னார். நோட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கவராகப் பார்த்துக்கொண்டே போனோம். துவாஸ் தொழிலாளர் தங்குவிடுதியிலிருந்து தம்பிகள் கொடுத்தனுப்பிய பழுப்புக் கவரின் பின்புறம், பேனாவில் ‘21 பேர், ஆளுக்கு 30’ என்று இருந்தது. 630 வெள்ளி. நான் 360 என்று எழுதியிருந்தேன்.

“ஒம்பது பேரோட காசும்மா இது” என்றார் டீச்சர்.

அதுவரை யார் முன்னாலும் அழாமல் இருந்தவள் அங்கே அழுதுவிட்டேன். அவர் ரூலரை என் பக்கம் நகர்த்தினார். 360ஐ ஒரே கோடாக அடித்தேன், மேலே 630 எழுதினேன். ‘பெயர் தெரியாதவர்’ வரியையும் அடித்தேன். கூட்டி முடித்து இரட்டைக் கோடு போடும்வரை பக்கத்திலேயே இருந்தார். அவருடைய தே ஆறிப்போயிருந்தது. நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு அக்காவைப் பார்க்க மேலே போனார்.

அன்று வகுப்பில் என்னை அப்படி நிற்கவைத்தது சரி என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த 180ஐ அவர் ஏன் விடவில்லை என்பது இப்போது புரிகிறது. சரிக்கட்ட நாம் போடும் எண்ணுக்கு அடியில் யாராவது ஒருவர் காணாமல் போய்விடலாம். டீச்சர், உங்களுக்கு என் நன்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் அக்காவுக்குத் துணையாக நான் இருக்கிறேன் என்று சொன்னதை மறக்கவில்லை, இந்த வாரமே வருகிறேன். இனி மருத்துவமனை வாசலில் பில்லைப் பிடித்துக்கொண்டு யார் திகைத்து நின்றாலும், பென்சிலோடு பக்கத்தில் போய் உட்காருவேன்.

துவாஸ் தம்பிகளே, உங்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். வெயிலிலும் மழையிலும் நின்று சம்பாதித்து, ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சியதில் ஆளுக்கு 30 வெள்ளி எடுத்துக் கொடுத்தீர்கள். திருப்பித் தருகிறோம் என்று இவர் போனில் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டீர்களாம். சரி, அதைப் பிறகு பேசலாம். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். அதற்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். கவரில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. உங்கள் 21 பேருடைய பெயரையும் ஊரையும் இவர் போனுக்கு அனுப்புங்கள். நோட்டில் 21 வரிக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.