கொடுத்த இரத்தத்துக்குக் கணக்கு கேட்கிறோம்

பாலக்காட்டிலும் கோவையிலும் இரத்தம் ஏற்றும் மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்களுக்கும் இரத்த வங்கி மருத்துவர்களுக்கும்,

வணக்கம். கேரள எல்லையோரத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில் இரத்தக் கொடையாளர்களைத் திரட்டும் நண்பர்கள் சார்பில் இதை எழுதுகிறேன். எங்களுக்கு மாவட்டத் தலைநகரம் பாலக்காடு. பெரிய ஆஸ்பத்திரி என்றால் பலருக்குக் கோவைதான். அதனால் இரண்டு பக்கமிருந்தும் தொலைபேசி அழைப்பு வரும். "பி நெகட்டிவ் இரண்டு யூனிட், நாளைக் காலைக்குள்." எதற்காக என்று யாரும் சொல்வதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இனிக் கேட்கப்போகிறோம்.

முதலில், ஏன் எப்போதும் இரண்டு? ஒரு யூனிட், அதாவது ஒரு பை, சிவப்பணு ஏற்றினால் வளர்ந்தவருக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் கூடும். இரத்தப்போக்கு இல்லாத நோயாளிக்கு ஒன்றை ஏற்றி, மறுபடி சோதித்து, தேவைப்பட்டால் மட்டுமே அடுத்ததை ஏற்றுவது என்பதுதான் இன்றைய நெறி. ஒற்றை யூனிட் வீண், ஏற்றினால் இரண்டாக ஏற்று என்பது பழைய பாடம். கனடாவின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 1999இல் வெளிவந்த ஆய்வு, 7 கிராமுக்குக் கீழே இறங்கிய பிறகே ஏற்றப்பட்டவர்களையும் 10க்குக் கீழே வந்ததுமே ஏற்றப்பட்டவர்களையும் ஒப்பிட்டது. காத்திருந்து ஏற்றப்பட்டவர்களிடையே இறப்பு கூடவில்லை. மாரடைப்பு வந்தவருக்கு இந்த 7 என்ற கோட்டை அப்படியே போட முடியாது. பிறவியிலேயே வரும் இரத்தசோகை நோயான தலசீமியா உள்ள குழந்தைக்கு அறவே பொருந்தாது. யாருக்கு எவ்வளவு என்பது உங்கள் முடிவு. ஆனால் அந்த முடிவின் காரணம் கேஸ் ஷீட்டில் ஒரு வரியாவது எழுதப்பட்டிருக்க வேண்டாமா?

அடுத்தது, எழுதிக் கேட்டுவிட்டு ஏற்றாமல் விடுவது. அறுவை சிகிச்சைக்கு முன் "எதற்கும் இருக்கட்டும்" என்று மூன்று யூனிட் கிராஸ்மேட்ச் செய்து (நோயாளியின் இரத்தத்தோடு பொருந்துகிறதா என்று சோதித்து) ஒதுக்கி வைக்கிறார்கள். நோயாளி ஒரு சொட்டும் தேவைப்படாமல் வீடு திரும்புவார். அதுவரை அந்தப் பைகள் வேறொருவருக்குப் போகாமல் குளிர்பெட்டியில் கிடக்கும். சிவப்பணுவின் ஆயுள் 35 முதல் 42 நாள்தான். தட்டணுவுக்கோ (பிளேட்லெட்) 5 நாள். கிராஸ்மேட்ச் செய்த யூனிட்களின் எண்ணிக்கை ஏற்றியதைப் போல் இரண்டரை மடங்கைத் தாண்டினால் அங்கே தேவைக்கு மேல் ஒதுக்குகிறார்கள் என்று பொருள். உங்கள் மருத்துவமனையில், பிரிவு வாரியாக, இந்த விகிதம் என்ன?

மழைக்காலத்தில் டெங்கு வந்ததும் தட்டணுவுக்கு அலைச்சல் தொடங்கிவிடும். இரத்தக் கசிவு இல்லாத நோயாளிக்கு எண்ணிக்கை 10,000க்குக் கீழே போகும்வரை பொதுவாகத் தட்டணு தேவையில்லை. 40,000 என்று சீட்டில் பார்த்ததுமே உறவினர்கள் பதறுகிறார்கள். பதற்றத்தைத் தணிக்க வேண்டியவர்கள் சில இடங்களில் அதையே தேவைச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். (உறவினர்கள் சண்டைக்கு வருவார்கள் என்ற உங்கள் அச்சமும் எங்களுக்குத் தெரியும்.)

கர்ப்பிணிகள் விஷயம் வேறு. ஒன்பதாம் மாதத்தில் 6 கிராமோடு வரும் பெண்ணுக்கு இரத்தம் ஏற்றியே ஆக வேண்டும், அதில் வாதமில்லை. ஐந்தாம் மாதத்தில் கண்டிருந்தால் மாத்திரையோ, நரம்பு வழியாகச் செலுத்தும் இரும்புச்சத்து ஊசியோ போதுமானதாக இருந்திருக்கும். சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் பரம்பரை நோயான அரிவாளணு நோய் உள்ள, எங்கள் மாவட்டத்து அட்டப்பாடியில் கணக்கு இன்னும் சிக்கலானது. அங்கே சிலருக்கு இரத்தம் வாழ்நாள் தேவை. அவர்களுக்கான பைதான் மற்ற இடங்களில் "எதற்கும்" ஒதுக்கப்படுகிறது என்பதே எங்கள் கோபம்.

எல்லைக்கு வருவோம். எங்கள் ஊர்ப் பெண் கோவையில் பிரசவித்தால் அவளுக்கு ஏற்றிய இரத்தம் தமிழ்நாட்டுக் கணக்கு. அவளுக்காகக் கொடுத்தவர்கள் கேரளத்துக்காரர்கள். இந்த வட்டாரத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு இரத்தம் வேண்டும், எந்த நோய்க்கு, எந்த மாதத்தில் என்று சொல்லக்கூடிய ஒரே தாளை இரு மாநிலங்களில் எதுவும் எங்களுக்குக் காட்டியதில்லை. ஆனால் உறவினரைப் பதிலுக்கு இரத்தம் கொடுக்கச் சொல்லும் வழக்கத்தில் மட்டும் இரு பக்கமும் ஒற்றுமை. 2002ஆம் ஆண்டின் தேசிய இரத்தக் கொள்கை அந்த வழக்கத்தைப் படிப்படியாக ஒழிக்கச் சொன்னது. சென்ற வருடமும் ஒரு மருத்துவமனையில், பதில் கொடையாளர் வரும்வரை டிஸ்சார்ஜ் சீட்டைத் தராமல் ஒரு தறித்தொழிலாளியை உட்கார வைத்திருந்தார்கள்.

நாங்கள் கேட்பது இதுதான். ஒவ்வொரு மாதமும் எத்தனை யூனிட் ஒதுக்கினீர்கள், எத்தனை ஏற்றினீர்கள், எந்தப் பிரிவில், எதற்காக, எத்தனை காலாவதியாயின என்பதை நோயாளி பெயரின்றி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பாலக்காடும் கோவையும் அந்த எண்களை ஒன்றாக வைத்து ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கட்டும். கல்லூரி விடுமுறையிலும் ஓணத்திலும் கொடையாளர்கள் குறைவார்கள். எப்போது எந்த வகை தேவை என்று முன்கூட்டியே சொன்னால் முகாம்களை அதற்கேற்ப வைப்போம். மலையாளத்தில் ஒட்டினாலும் சரி, தமிழில் ஒட்டினாலும் சரி, எங்கள் ஊரில் இரண்டையும் படிக்க ஆள் உண்டு.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை வட்டாரக் கொடையாளர்களில் ஒருவன்